புதுப்பிப்பு: மேகி எவன்ஸ் காணாமல் போனதன் பின்கதை

1966 முதல் 1971 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘டார்க் ஷேடோஸ்’ தொடரில், இரத்தக்காட்டேரியான பார்னபஸ் காலின்ஸ், உணவகப் பணிப்பெண் மேகியைக் கடத்தியது காதலாலா, வெறியாலா என்ற கேள்வியோடு முந்தைய பதிவை நிறுத்தியிருந்தேன். அவள் தப்பிக்கும் பகுதிவரை பார்த்துவிட்டதால், என் விடையை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்: அது காதலே அல்ல.

பழைய மாளிகையில் மேகியை அடைத்துவைத்து, தான் முன்பு காதலித்து இறந்துபோன ஜோசெட்டின் இசைப்பெட்டியை மீண்டும் மீண்டும் கேட்கச் செய்து, ஜோசெட்டின் உடையையும் அணிவித்து, ‘நீதான் அவள்’ என்று நம்பவைக்கப் பார்க்கும் ஒருவன், எதிரில் இருக்கும் பெண்ணை ஒரு கணமும் பார்க்கவே இல்லை. பெட்டி திறந்து இசை எழும்போது மேகியின் முகத்தில் மயக்கமும் அச்சமும் மாறி மாறி வருவதை கேத்ரின் லீ ஸ்காட் நடித்துக்காட்டும் விதம் என்னை உலுக்கிவிட்டது. (ஜோசெட்டாகவும் பின்னர் அவரே நடிக்கிறார்.)

பார்னபஸின் தங்கையான சிறுமி சாராவின் ஆவி, செங்கற்களை எண்ணச் சொல்லும் ஒரு விடுகதைப் பாட்டால் இரகசிய வழியைக் காட்டிக்கொடுக்கிறது. தப்பியவளைக் காப்பாற்ற, அவள் இறந்துவிட்டதாக ஊரை நம்பவைக்கிறார்கள். உண்மை தெரிந்தும் ஊரார் முன் துக்கம் காக்க வேண்டிய காதலன் ஜோ ஹாஸ்கெலின் நிலைதான் எனக்கு மிகவும் வலித்தது.

பார்னபஸோ, அதே இசைப்பெட்டியை அடுத்து, காலின்ஸ் குடும்பத்துச் சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தரும் விக்டோரியா வின்டர்ஸிடம் கொடுக்கிறான்.