ரத்தம் எங்கிருந்து எடுத்தாய்?

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது.

நான்கு மாதக் குழந்தை. தொடையின் பெரிய ரத்தநாளத்தில் மருந்து செலுத்தப் போட்டிருந்த மையக் குழாயை ஒட்டி ரத்தம் உறைந்து, கால் பளபளவென்று வீங்கியிருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டிருந்தது, கிலோவுக்கு மணிக்கு 28 யூனிட். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 20 யூனிட்டில்தான் தொடங்குவோம். ஹெப்பாரின் வேலை செய்ய ஆன்டித்ராம்பின் என்ற புரதம் வேண்டும். கைக்குழந்தைக்கு அது முதல் சில மாதங்கள் குறைவாகவே இருக்கும்.

ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் ஏபிடிடி சோதனையின் முடிவு இரவு வந்தது: 180 விநாடிக்கு மேல். மருந்தை நிறுத்தும்படி மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். நான் பம்பை நிறுத்தித் திரும்பியபோது எங்கள் மூத்த செவிலியர் அக்கா கேட்டார்: "ரத்தம் எங்கிருந்து எடுத்தாய்?"

மருந்து ஓடும் அதே குழாயின் இன்னொரு வழியிலிருந்துதான் எடுத்திருந்தேன்; அந்த மருந்து மாதிரியில் கலந்தால் விநாடி பொய்யாக ஏறிவிடும். அந்தச் சின்னக் கையில் மறுபடி ஊசி குத்த எனக்கு மனம் வரவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. எங்காவது ரத்தக் கசிவு இருக்கிறதா என்று குழந்தையைப் புரட்டிப் பார்த்தார், மருத்துவரிடம் விவரம் சொன்னார், கையில் புதிதாக ஒரு மாதிரி எடுத்தார். நீல மூடிக் குழாயில் ரத்தம் கோட்டைத் தொடும் வரை பொறுமையாகச் சொட்டவிட்டார். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு என்பது கணக்கு; ரத்தம் குறைந்தாலும் விநாடி பொய்யாக ஏறிவிடும்.

இந்த முறை 72. சரியான அளவு. பம்ப் மீண்டும் ஓடியது. என் தவறான மாதிரியை நம்பியிருந்தால் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இப்போது எங்கள் பிரிவில் ஹெப்பாரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆன்டி-Xa (ஆன்டி-டென்-ஏ) அளவையும் பார்க்கிறோம், 0.3 முதல் 0.7 வரை இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை அதிகமுள்ள பிள்ளைக்கு அதுவும் குறைத்துக் காட்டக்கூடும்.

*

இதைப் படித்த ஒரு தாய் எனக்கு எழுதியது: அக்கா, நான் ஒரு தாய். என் மகளுக்கு, ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனோக்ஸாபரின் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்று. ஊசி போட்டு நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு நாள் ஸ்கேனுக்குப் போனதால் ஆறு மணி ஊசி ஏழரைக்குத்தான் போடப்பட்டது. பத்து மணிக்கே பரிசோதனைக்கூட ஊழியர் வந்துவிட்டார். நான் நோட்டில் குறித்திருந்த நேரத்தைக் காட்டினேன். அவர் செவிலியரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பதினொன்றே முக்காலுக்கு மறுபடி வந்து, மாதிரி எடுத்து, குழாயின் சீட்டில் இரண்டு நேரங்களையும் எழுதிக்கொண்டு போனார்.