டீப்பாய்க்குள் சிப்பியும் சங்கும்: செய்தவர்கள் சொல்லும் அளவும் சிக்கலும்

மேலே கண்ணாடி பதித்து, அதன் வழியே அடியிலுள்ள டிராயரில் வைத்த பொருள்கள் தெரிகிற டீப்பாய் பற்றியது இது. குமரி மாவட்டத்தில் செய்தவர்கள் ஊர்வாரியாகச் சொன்னவை கீழே.

தக்கலை

உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் அறுப்பு மில்லுக்குப் போக வேண்டும். சங்கு, சிப்பி, நாணயம், சின்ன விளக்கு வரைக்கும் 3 அங்குல உள்ளாழம் போதும். அதற்கு ஒத்துவரும் அளவைத் தருகிறேன்.

மேல்சட்டம் 42 x 22 அங்குலம், மொத்த உயரம் 17. கால்களும் சட்டங்களும் சேர்ந்த அடிக்கூடு 40 x 20. கால் 2 x 2, நீளம் 16. நீளவாட்டுச் சட்டம் ஐந்தரை அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். மேல்சட்டத்தின் பலகை மூன்றரை அங்குலம் இருக்கட்டும். பலர் 3 அங்குலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது டிராயர் ஓடும் இரும்புச் சேனல் கண்ணாடி வழியே பளிச்சென்று தெரியும். எல்லாம் கூட்டினால் 0.8 கன அடி மரம் வரும். இழைப்பு, வெட்டுக் கழிவுக்கும் சேர்த்து ஒன்றேகால் கன அடி எடுங்கள்.

கண்ணாடியைத் தூக்கித் திறக்கும் மூடியாகச் செய்யாதீர்கள். 8 மி.மீ. கண்ணாடி மட்டுமே இந்த அளவில் 7 கிலோவுக்கு மேல். சட்டமும் சேர்ந்தால் கீல் சீக்கிரம் தளரும். மேலே காப்பி டம்ளர் இருக்கும்போது திறக்கவும் முடியாது. கண்ணாடியை நிலையாகப் பதித்து, இரண்டு முனையிலிருந்தும் 18 அங்குல டிராயர் ஒவ்வொன்று வருவது நல்லது. நீளப் பக்கத்தில் ஒரே பெரிய டிராயர் வைத்தால் அகலம் கூடி, முன்னிருந்து பின்வரை உள்ள நீளம் குறையும். ஒரு கையால் இழுத்தால் கோணிக்கொண்டு நிற்கும். கால்களுக்கு இடைவெளி 16 அங்குலம், சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் போக டிராயர் அகலம் 15. நீளவாட்டுச் சட்டம் காலைவிட ஓர் அங்குலம் கனம் குறைவு என்பதால் சேனலுக்குப் பின்னால் ஓர் அங்குலப் பட்டை வைத்து, காலின் உள்முகத்தோடு சமம் பிடிக்க வேண்டும். இரண்டு டிராயரும் சந்திக்கும் இடத்தை, கண்ணாடிக்கு அடியில் இரண்டரை அங்குலக் குறுக்குப்பட்டை மறைக்கும்.

மேல்சட்டத்தின் மூலையை 45 பாகையில் வெட்டி ஒட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் நம்ம ஊரில் நிற்காது. இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மரத்தின் ஈரம் 5 சதவீதம் ஏறி இறங்கினால் மூன்றரை அங்குலத் தேக்குப் பலகையே அகலத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மாறும். மழையில் வெளிமூலை வாய் பிளக்கும், பங்குனி வெயிலில் உள்மூலை பிளக்கும். ஒரு பலகையின் முனையில் நாக்கு மாதிரி கழுந்து செதுக்கி, மற்றதில் போட்ட துளைக்குள் நுழைத்து நேர்வெட்டாகவே சேருங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. பசை தடவும் முன் தின்னர் தோய்த்த துணியால் கழுந்தைத் துடைக்காவிட்டால் பிடிப்பு போய்விடும்.

கண்ணாடி உட்காரும் பள்ளம் (காடி) 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம். சட்டம் ஒட்டிக் காய்ந்த பிறகு அளவெடுத்து, சுற்றிலும் 2 மி.மீ. விட்டுக் கண்ணாடி சொல்லுங்கள். கணக்குப்படி 909 x 401 மி.மீ. வரும், ஆனாலும் கணக்கை நம்பி ஆர்டர் கொடுக்க வேண்டாம். சூடேற்றி உறுதியாக்கிய (டஃபன் செய்த) கண்ணாடியை அப்புறம் ஓரம்கூட உரச முடியாது, தூள்தூளாகிவிடும்.

கன்னியாகுமரி

சிப்பி வைப்பவர்களுக்கு மட்டும் இது. மூடிய பெட்டியில் ஒன்றிரண்டு வருடத்தில் சிப்பியின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி படிவதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைப்பார்கள். அது பூஞ்சை இல்லை. மரமும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும், பசையும் விடும் அமில ஆவி சிப்பியின் சுண்ணாம்பைத் தின்கிறது. மினுமினுப்பு ஒருமுறை போனால் திரும்ப வராது, அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

தடுக்க வழி இருக்கிறது. டிராயருக்குள் எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம். தட்டின் உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, அதன் மேல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி விரிக்கலாம். கண்ணாடி ஒட்டச் சிலிக்கான் பசை வாங்கும்போது வினிகர் வாசனை அடிக்கிற வகையைத் தவிர்த்து நியூட்ரல் வகை கேளுங்கள். அந்த வாசனையே அசிட்டிக் அமிலம்தான். பாலிஷ் முடிந்ததும் டிராயர்களை வெளியே இழுத்து மூன்று நான்கு வாரம் காற்றாட விடுங்கள். அடிப்பலகையில் 8 மி.மீ. துளை நான்கு போட்டு நைலான் வலை ஒட்டினால் ஆவி தேங்காது, பூச்சியும் ஏறாது.

கடலிலிருந்து எடுத்த சிப்பியை மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் நீர் மாற்றி, நிழலில் காயவைத்த பிறகே உள்ளே விட வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுக்கும். பவளத் துண்டும் நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் கூடும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றைக் காட்சிக்கு வைக்காதீர்கள்.

வடசேரி

கோயில் நகை வைப்பவர்கள் கவனிக்க: வெள்ளிக்கு மேல் முலாம் பூசிய வேலை என்றால் கம்பளித் துணியும் ரப்பர் பட்டையும் பகை. இரண்டிலும் கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துவிடும். இதற்கும் பருத்தித் துணிதான்.

குலசேகரம்

விலை பார்த்து ரப்பர் மரம் எடுப்பவர்கள், வெட்டிய சில நாளுக்குள் போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்றாத பலகையில் நீலக் கறை பாயும், பிறகு வண்டு துளைக்கும். டிராயருக்குள் மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பலா, அயினி மரங்களுக்கு இந்தக் கவலை குறைவு. பலா மஞ்சளாக இருந்து போகப்போகப் பழுப்பாகும், அந்த நிறத்தை மனதில் வைத்தே துணியின் நிறம் தேர்ந்தெடுங்கள்.

குளச்சல்

தக்கலை அண்ணன் சேனலைப் பற்றிச் சொன்னார், திருகாணியை விட்டுவிட்டார். கடற்கரை ஓரத்து வீட்டில் சாதாரண இரும்புத் திருகாணி துருப்பிடித்துத் தேக்கில் கறுப்புக் கறை இறக்கும். 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வாங்குங்கள், சேனலும் அதே ரகத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புத்தாளை 120, 180, 240 நம்பர் என்று ஏற்றித் தேயுங்கள். மழை பெய்கிற நாளில் மெலமைன் பாலிஷ் அடித்தால் வெளுத்துப்போகும். வெயில் வந்து பலகை தொட்டால் காய்ந்திருக்கிற நாளாகப் பாருங்கள்.