ஆக்டேவில் மாயச் சதுரம்: 8, 9, 10 மூன்றும் ஏன் மூன்று விதமாகத் தெரிகின்றன?

அல்சூர்வாசி:
பெங்களூரில் மகள் படிக்கும் பள்ளியில் கணிதக் கண்காட்சி. மேட்லாப் என்ற கணக்கு மென்பொருள் வாங்கக் கட்டாது, அதனால் அதே மாதிரி இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேவ். மேஜிக்(9) என்று கொடுத்தால் 9×9 மாயச் சதுரம் வரும், அதாவது எந்த வரிசை, நெடுவரிசை, மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் ஒரே தொகை. அதை எண்ணுக்கேற்ப நிறம் தரும் இமேஜ்எஸ்சி கட்டளையில் வண்ணம் பூசினால் சாய்ந்த பட்டைகள் அழகாக வருகின்றன. 8 கொடுத்தால் வெளிச்சமும் இருட்டுமாகப் பொத்தல் பொத்தல், 10 கொடுத்தால் நாலு துணியை ஒட்டுப்போட்ட மாதிரி. கூட்டிப் பார்த்துவிட்டேன், 260, 369, 505 எல்லாம் சரி. என் கணக்கில் தப்பா?

கட்டம்கட்டி:
தப்பே இல்லை. அந்த ஒரே கட்டளைக்குள் மூன்று செய்முறை ஒளிந்திருக்கிறது. ஒற்றைப்படைக்கு சயாம் முறை, 1687இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) தூது போன லூபேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது: மேலே வலப்பக்கம் சாய்வாக ஏறு, இடம் நிரம்பியிருந்தால் ஒரு கட்டம் கீழே இறங்கு. உங்கள் பட்டைகள் அந்த ஏற்றம்தான். 8க்கு 1 முதல் 64 வரை வரிசையாக எழுதி, பாதிக் கட்டங்களில் மட்டும் எண்ணை 65இலிருந்து கழித்துப் போடுகிறது, அதனால்தான் பொத்தல். 10 நிஜமாகவே ஒட்டுத்துணி: நான்கு 5×5 சதுரம், அப்புறம் சில இடமாற்றம். ரேங்க், அதாவது மற்ற வரிசைகளிலிருந்து கூட்டிப் பெருக்கி வரவழைக்க முடியாத வரிசைகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள், 8, 9, 10க்கு முறையே 3, 9, 7 என்று வரும்.

புள்ளிராணி:
வண்ணத்தை விடுங்கள், கோடு போடுங்கள். எண்களை ஏறுவரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளை இரண்டாவதாகத் தரும் இடக்குறியை இண்ட்2சப் (ind2sub) கட்டளையில் வரிசை, நெடுவரிசையாகப் பிரித்து, 1இலிருந்து கடைசி எண் வரை பிளாட்டில் இணைத்தால் கோலம் மாதிரி வரும். 8, 9 இரண்டையும் தலைகீழாகத் திருப்பினாலும் அதே படம், ஏனென்றால் நடுவுக்கு எதிரெதிராக உள்ள கட்டங்களின் கூட்டு முறையே 65, 82. 10இல் அது நடக்காது. 6, 10, 14 மாதிரி நான்கால் வகுபடாத இரட்டைப்படைக்கு எதிரெதிர்க் கட்டங்கள் இப்படி ஒரே கூட்டுத் தரும் மாயச் சதுரம் கட்டவே முடியாது.

அல்சூர்வாசி:
போட்டுவிட்டேன், மகளுக்கு 8தான் பிடித்திருக்கிறது. அம்மா மட்டும், கோடு புள்ளியைச் சுற்றாமல் புள்ளி மேலேயே போகிறதே, இதெல்லாம் சிக்குக் கோலமா என்கிறார். அது இருக்கட்டும், 9இல் ஏறவேண்டிய படி கீழே இறங்குகிறதே?

புள்ளிராணி:
பிளாட் வரிசை எண்ணைக் கீழிருந்து மேலாக எண்ணுகிறது. அதற்கு அப்புறம் ஆக்சிஸ் ஐஜே (axis ij) என்று ஒரு வரி சேருங்கள், மேலிருந்து கீழாக எண்ணும், படம் நிமிர்ந்துவிடும். அம்மா சொல்வது சரிதான்.