ராத்திரிக்கு இட்லி, தோசை தவிர வேறு என்ன? உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து:

ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்தால் எங்கள் வீட்டில் வியாழன் வரை ராத்திரிக்கு இட்லி, தோசை, மாவு புளித்ததும் ஊத்தப்பம். வெள்ளிக்கிழமை சப்பாத்தி. தட்டைப் பார்த்ததுமே பிள்ளைகள் "இன்னைக்கும் இதானா?" என்பார்கள். ஃபோனில் வரும் சமையல் வீடியோக்கள், வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு உதவாது. அதில் சொல்லும் சாஸ் பாட்டிலை வாங்கினால் ஒரு நாள் இரண்டு கரண்டி செலவாகும், மீதி ஃப்ரிட்ஜில் கிடக்கும்.

எனக்கு மாடிப்படியில்தான் வழி கிடைத்தது. மேல் வீட்டு அக்காவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். ஒரு ராத்திரி அவர் வீட்டிலிருந்து பூண்டும் சீரகமும் நெய்யும் கலந்த வாசனை. "என்னக்கா, விருந்தாளியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க, அரிசிம்பருப்புதான். உடம்பு அசந்த அன்னைக்கு இதைத்தான் வெப்போம்" என்றார்.

அந்தப் பேச்சிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஊரானாலும், அசந்துபோன நாளில் செய்வதற்கென்று ஒரு சாப்பாடு இருக்கும். அதற்குப் புதுச் சாமானும் தேவைப்படாது, நேரமும் பிடிக்காது. அதனால் இப்போதெல்லாம் யாரிடமும் "உங்க ஊர் ஸ்பெஷல் என்ன?" என்று கேட்பதில்லை. "முடியாத அன்னைக்கு ராத்திரிக்கு என்ன செய்வீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

அரிசிம்பருப்புக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊற வைத்துவிட்டு, குக்கரிலேயே கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டு வதக்க வேண்டும். அப்புறம் ஒரு தக்காளி, மஞ்சள்தூள், தட்டிய மிளகு. மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விட்டால் போதும். மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும். சின்னவன் அன்றைக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கும்பகோணத்துத் தோழி மோர்க்களி சொல்லிக்கொடுத்தார். புளித்த மோரில் அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய் தாளித்து, அதில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

மாமாவுக்கு மட்டும் இட்லி இல்லாத ராத்திரி கிடையாது. அந்த வயதில் பழக்கத்தை மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அவருக்கு இட்லியை அப்படியே வைத்துவிட்டு, தொட்டுக்கொள்வதை மாற்றினேன். சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மல்லியும் வரமிளகாயும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்துப் போட்டு, புளி விட்டுக் கத்தரிக்காயைக் குழைய வேக விடுவதுதான்.

உங்கள் ஊரில் அசந்த நாளுக்கு என்ன செய்வீர்கள்?

திருநெல்வேலியிலிருந்து:

எங்களுக்குச் சொதி. கல்யாண வீட்டு மறுவீட்டு விருந்தில் போடுகிற சாப்பாடுதான் அது, ஆனால் நாங்கள் சாதாரண நாளிலும் சின்ன அளவில் செய்துவிடுவோம். தேங்காயை அரைத்து முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் வேக வேண்டும். வேக வைத்த பாசிப்பருப்பும், இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்த விழுதும் சேர்த்து ஒரு கொதி வந்த பிறகு முதல் பால். நுரை கட்டியதும் இறக்கிவிடணும், கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பின்தான். சோற்றுக்குத்தான் இது, கூட இஞ்சித் துவையல் கட்டாயம். மிச்சம் இருந்தால் மறுநாள் ஆப்பத்துக்கும் ஆகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அக்கா, எங்கட வீட்டில் இரவென்றால் புட்டு, இல்லாவிட்டால் இடியப்பம். எங்கட சொதி திருநெல்வேலிச் சொதி மாதிரி இல்லை. பருப்பில்லாமல், வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டுத் தண்ணியாக வைப்போம். கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதுதான் உங்கட எலுமிச்சை.

தினமும் புட்டுத்தான், ஆனால் ஒரே புட்டு இல்லை. ஒரு நாள் சிவப்பரிசி மா, ஒரு நாள் அவித்த கோதுமை மா கலந்தது, ஒரு நாள் முருங்கையிலை போட்ட கீரைப் புட்டு. அம்மா, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவிலும் அவிப்பா. கூட, துவையல் மாதிரி ஒரு சம்பல் இருந்தால் காணும். மிஞ்சினால் காலையில் வெங்காயமும் முட்டையும் போட்டுப் பிரட்டி எடுப்போம்.

குரோம்பேட்டையிலிருந்து:

நன்றி தங்கச்சி. கீரைப் புட்டை இந்த வாரமே செய்யப்போகிறேன். குழலும் இல்லை, நீங்கள் புட்டு அவிக்கப் புழங்கும் ஓலை நீத்துப்பெட்டியும் இல்லை. இட்லிப் பானையில் அவிக்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தாராளமாக அவிக்கலாம் அக்கா. துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் விரியுங்கோ. மாவைக் கொதிநீர் தெளித்துக் குழைத்து, சின்னச் சின்ன உதிரியாக வரும்படி கொத்திக்கொள்ளுங்கோ. பிறகு தேங்காய்ப்பூவும், அரிந்த கீரையும் சேர்த்துத் துணியில் தூவுங்கோ. அமத்த வேண்டாம், ஆவி உள்ளே போகாது. ஆவி நன்றாக மேலே வந்து, மா கையில் ஒட்டாவிட்டால் இறக்கலாம்.