உயிரினங்கள் மோதிப் பரிணமிக்கும் சீட்டாட்டம்: சீட்டுக்கட்டை எப்படி அமைப்பது?

கேள்வி:
மூன்று நிலைகளில் பரிணமிக்கும் உயிரினங்கள் மோதிக்கொள்ளும் சீட்டாட்டம் ஒன்றை வீட்டிலேயே உருவாக்கி வருகிறேன். 30 சீட்டுகள் கொண்ட கட்டில் 8 அடிப்படை (முதல் நிலை) உயிரினங்கள் உள்ளன. மூன்றாம் நிலையை முதலில் எட்டுபவரே எப்போதும் வெல்கிறார். மற்றவரோ இறக்க முடியாத சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே காத்திருக்கிறார். இதை எவ்வாறு சரிசெய்யலாம்?

மறுமொழி 1:
முதலில் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் 5 சீட்டுகள் எடுப்பதாயின், அவற்றுள் ஓர் அடிப்படை உயிரினம்கூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு. அடிப்படை உயிரினங்களின் எண்ணிக்கையை 12 ஆக உயர்த்தினால் அது 6 விழுக்காடாகக் குறையும். 1996இல் ஜப்பானில் வெளியான போக்கிமான் சீட்டாட்டத்தில், அடிப்படை உயிரினம் கிடைக்காதவர் தம் சீட்டுகளை எதிராளிக்குக் காட்டிவிட்டு, கலைத்து மீண்டும் எடுக்கிறார். அதற்கு ஈடாக எதிராளி ஒரு சீட்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 2:
மூன்றாம் நிலையின் வலிமையைக் குறைக்க வேண்டாம், அதுதானே ஆட்டத்தின் சுவை! மாறாக, அதை வீழ்த்துபவருக்கு இரண்டு புள்ளிகள் கொடுங்கள். பரிணமித்தாலும் முன்பு பட்ட சேதம் அப்படியே நீடிக்கட்டும். எண்களைப் பென்சிலால் எழுதுவது நல்லது, ஏனெனில் அவை நிச்சயம் மாறும்.

மறுமொழி 3:
தேங்கும் சீட்டுகளுக்கு எளிய வழி: முறைக்கு ஒரு சீட்டைக் கழித்துவிட்டு வேறொன்றை எடுக்க அனுமதியுங்கள்.