தேஜஸ்: இன்ஜின் அமெரிக்காவுடையது என்றால் விமானம் யாருடையது?

சூலூர்வாசி:
எங்கள் மொட்டை மாடிக்கு மேலே தேஜஸ் பறக்கும்போதெல்லாம் ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஏதாவது கேட்பாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது சிறிய போர் விமானம். நீளம் 13.2 மீட்டர். ஆயுதம், எரிபொருள் எல்லாம் ஏற்றினாலும் 13.5 டன்தான். தஞ்சாவூரில் இருக்கும் சுகோய்-30 கிட்டத்தட்ட 39 டன் வரை போகும். தேஜஸுக்கு முக்கோண இறக்கை. வால்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தகடு மட்டும் உண்டு, படுக்கைவாட்டில் தனி இறக்கை கிடையாது. கட்டமைப்பின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு கார்பன் இழைக் கலவை என்பதால் உடம்பு லேசு. தேஜஸ் ஓட்டும் 45-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப்படையின் ஒரு அணி) 2018-ல் எங்கள் சூலூர் விமானத்தளத்துக்கு வந்தது, 2020-ல் 18-ஆவதும் சேர்ந்தது. நம் நாட்டிலேயே செய்த விமானம் என்று மகளிடம் பெருமையோடுதான் சொன்னேன்.

பட்டறைக்காரன்:
நல்ல அறிமுகம். ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். உள்ளே இருப்பது அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் செய்யும் எஃப்404 இன்ஜின். கோவையில் பம்ப்செட் செய்கிறவன் நான். மோட்டாரை வெளியே வாங்கி, கூட்டை மட்டும் வார்த்துவிட்டு எங்கள் பம்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது. தேஜஸுக்காக நாமே செய்யத் தொடங்கிய காவேரி இன்ஜினை 2008-ல் இந்தத் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள்.

சூலூர்வாசி:
கூடு மட்டும் என்பதில்தான் தவறு, அண்ணா. பயணிகள் விமானம் கொஞ்சம் ஆடினாலும் தானே நேராகிவிடும். தேஜஸை வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்திருக்கிறார்கள். கரகம் ஆடுகிறவரைப் பாருங்கள். தலையில் உள்ள குடம் எந்நேரமும் விழத்தான் பார்க்கும். கழுத்தும் இடுப்பும் ஓயாமல் சரிசெய்வதால் நிற்கிறது. விழப் பார்க்கும் பொருளைத்தான் சட்டென்று திருப்ப முடியும், சண்டையில் வேண்டியது அது. அந்தச் சரிசெய்தல் மனிதக் கைக்கு எட்டாத வேகம். நொடிக்குப் பலமுறை கணினி செய்கிறது. ஒன்று கெட்டாலும் விழாதபடி ஒரே வேலையைச் செய்யும் நான்கு கணினித் தடங்கள்.

இந்த வேலைக்காக நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் என்ற விமான நிறுவனத்தில் இருந்தார்கள். 1998 பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பிறகு அமெரிக்காவின் தடை வந்தது, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீதியைப் பெங்களூரில் நாமே முடித்தோம். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸை முதன்முதலாகப் பறக்கவிட்டார். இதைக் கூடு என்று சொல்லலாமா? சுவீடனின் கிரிபென் போர் விமானத்திலும் அதே எஃப்404 வழி வந்த இன்ஜின்தான். அதை யாரும் அமெரிக்க விமானம் என்பதில்லை.

தரைப்பணி ஓய்வு:
தம்பிகளே, பழைய ரஷ்யப் போர் விமானமான மிக்-21-க்குக் கீழே நின்று வேலை பார்த்தவன் நான். யாருடையது என்ற கேள்வியைவிட எப்போது வந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. திட்டத்துக்கு அனுமதி 1983. முதல் ஸ்குவாட்ரன் உருவானது 2016. மிக்-21-க்கு மாற்றாக வர வேண்டியது இது. 1963-ல் படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 வரை பறந்தது. அதில் போன உயிர்களை நினைத்தால் தூக்கம் வராது. அப்புறம், தேஜஸும் பிழையற்றது என்று குழந்தைக்குச் சொல்லிவிடாதீர்கள். 2024-ல் ஜெய்சல்மேரில் ஒன்று விழுந்தது, விமானி தப்பினார். 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் விங் கமாண்டர் நமன்ஷ் சியாலை இழந்தோம்.

பட்டறைக்காரன்:
ஐயா சொன்னது கனமான விஷயம். சூலூர்வாசி, கரகம் உதாரணத்தை ஏற்கிறேன். கூடு என்று சொன்னது தப்பு, திரும்பப் பெறுகிறேன். ஆனால் கிரிபென் உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். சுவீடன்காரர்கள் அந்த இன்ஜினில் தங்கள் மாற்றங்களைச் செய்து, வால்வோ ஆலையில் தயாரித்தார்கள். நாம் பெட்டியில் வருவதற்குக் காத்திருக்கிறோம். தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க்-1ஏ விமானங்கள் 83-க்கு 2021-ல் ஆர்டர் கொடுத்தோம். அவற்றுக்கான முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில்.

இன்ஜினில் கடினம் டர்பைன் பிளேடு, அதாவது சூடான வாயு தள்ளிச் சுழலும் சக்கரத்தின் தகடு. அதன் மேல் அடிக்கும் வாயுவின் சூடு, பிளேடின் உலோகம் உருகும் சூட்டையே தாண்டும். அதனால் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே நுண்ணிய துளைகள் வழியே காற்றை ஓட்டிக் குளிர்விக்க வேண்டும். வார்ப்பு வேலை தெரிந்தவனாகச் சொல்கிறேன், இதைப் படம் பார்த்துக் கற்க முடியாது. வார்த்து, உடைத்து, மறுபடி வார்த்துத்தான் வரும். அதற்குப் பணமும் பொறுமையும் தராமல் இருந்துவிட்டோம்.

சூலூர்வாசி:
கிரிபென் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஆனாலும் இன்ஜின் தயாராகட்டும் என்று விமானத்தையும் நிறுத்தி வைத்திருந்தால் இன்று கையில் இரண்டும் இருந்திருக்காது. ஐயா சொன்ன தாமதம் இன்னும் நீண்டிருக்கும்.

பட்டறைக்காரன்:
நிறுத்தச் சொல்லவில்லை. 2025-ல் இன்னும் 97 விமானங்களுக்கு ஒப்பந்தம், அவற்றுக்காக மேலும் 113 இன்ஜின். முந்தைய 83 விமானங்களுக்காகக் கேட்ட 99 இன்ஜினைச் சேர்த்தால் 212. அத்தனையும் கடல் தாண்டி வர வேண்டும். 1998-ல் கதவைச் சாத்தியதும் அதே நாடுதான். மகள் அடுத்த முறை கேட்கும்போது இதையும் சொல்லுங்கள்.

சூலூர்வாசி:
சொல்கிறேன் அண்ணா. அந்த பிளேடு விஷயத்தைப் படம் போட்டு விளக்க முடியுமா? அவள் நிச்சயம் கேட்பாள்.