பொருள்: ‘ரிலே நியூக்ளியஸ்’ – அஞ்சலா, கடத்தலா, மடையா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

மூளையின் நடுவிலுள்ள தலாமஸில், செய்தியை வாங்கி மூளையின் மேலடுக்கான புறணிக்கு அனுப்பும் ‘ரிலே நியூக்ளியஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்லாகப் பென்னாகரத்து ஐயா ‘அஞ்சல் உட்கரு’ என்று முன்மொழிந்ததையும், பள்ளிப் பாடநூல் தலாமஸைக் ‘கடத்து மையம்’ என்று சொல்லிவிட்டதால் அதையொட்டியே போகலாம் என்று ஓசூர் அம்மையார் எழுதியதையும் படித்தேன். தலாமஸ், புறணி ஆகிய இரு பெயர்களையும் தொட வேண்டாம் என்பதில் நாம் மூவரும் ஒன்றுபடுகிறோம். தலாமஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உள்ளறை என்று பொருள் இருந்தாலும், மாணவர் நாவில் பழகிவிட்ட பெயரை இனிமேல் பெயர்த்தெடுப்பது வீண்வேலை. என் தடை ‘உட்கரு’ மீதும் ‘அஞ்சல்’ மீதும்தான்.

உட்கருவை முதலில் முடித்துவிடுகிறேன். வகுப்பில் உட்கரு என்றால் அது செல்லுக்குள் இருப்பது. மூளையில் அதே பெயர் பெற்றதோ நரம்புச் செல்கள் கூட்டமாகத் திரண்ட இடம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் உட்கரு இருக்க, அந்தச் செல்கள் கூடிய இடத்தையும் உட்கரு என்றால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள். ‘நரம்புத்திரள்’, சுருக்கமாகத் ‘திரள்’ என்பதே போதும்.

அஞ்சல் என்பது வேறு வகைச் சிக்கல். அஞ்சல்காரர் கடிதத்தைப் பிரிப்பதில்லை. இன்ன கடிதத்தை இப்போது கொடு, இன்னதை நிறுத்து என்று பெறுபவர் அவருக்கு ஆணையிடுவதும் இல்லை. தலாமஸில் நடப்பது நேர்மாறானது. மோப்பம் தவிர்த்த புலன்கள் எல்லாம் அதன் வழியாகவே புறணியை அடைகின்றன என்பது உண்மையே. ஆனால், தலாமஸில் பார்வைக்குரிய பக்க முழங்கால் திரளின் (லேட்டரல் ஜெனிகுலேட் நியூக்ளியஸ்) செல்கள் மீது வந்து முடியும் இணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை 5 முதல் 10 விழுக்காடுதான். பார்வைப் புறணியின் ஆறாம் அடுக்கிலிருந்து திரும்பி வருபவை ஏறத்தாழ 30 விழுக்காடு. பெறுமிடத்திலிருந்து வருவது அனுப்புமிடத்திலிருந்து வருவதைவிடப் பல மடங்கு அதிகம் என்ற இந்தக் கணக்கை ‘அஞ்சலும்’ ‘கடத்தலும்’ ஒருசேர மறைத்துவிடுகின்றன. எண்ணிக்கையும் வலிமையும் ஒன்றல்ல என்பதை நரம்பியல் ஆய்வாளர்கள் ஷெர்மனும் கில்லரியும் 1998-இல் தெளிவுபடுத்தினார்கள்: விழித்திரை இணைப்பு செய்தியை உந்துகிறது; ஆறாம் அடுக்கின் இணைப்பு அச்செய்தி எந்த அளவில், எந்த வகையில் போக வேண்டும் என்பதைத் திருத்துகிறது.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘மடை’. ரிலே நியூக்ளியஸ் ‘மடைத்திரள்’ ஆகட்டும். பாரூர் ஏரிப் பாசனத்தில் வாய்க்கால் ஓரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டி மண்ணை விலக்கினால் நீர் வயலுக்குள் திரும்பும். போதும் என்று தோன்றினால், அதே மண்ணை இழுத்துப் போட்டு, புல்லோடு பெயர்த்த ஒரு கட்டியை மேலே வைத்து மிதித்தால் அடைபட்டுவிடும். நீர் வருவது ஏரியிலிருந்து. திறப்பதும் அடைப்பதும் வயலுக்கு உரியவர்.

மடைக்குப் பதில் ‘தூம்பு’ என்று வைத்தால், தெலுங்கில் தூமு, கன்னடத்தில் தூபு என்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மும்மொழியினருக்கும் விளங்குமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல யோசனை, இரண்டு நாள் ஊசலாடினேன். ஆனால் தூம்பு ஏரிக்கரையில் இருப்பது, வயலிலிருந்து தொலைவு. அதோடு, மடைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் உண்டு: தலைமடை, கடைமடை. இது எதிர்பாராத விதத்தில் கைகொடுக்கிறது. கண்ணிலிருந்தோ தோலிலிருந்தோ வரும் செய்தியைப் புறணிக்கு முதன்முதலாகத் திறந்துவிடும் திரள்களைத் ‘தலைமடைத் திரள்’ எனலாம். தலாமஸின் பின்பகுதியிலுள்ள பல்வினார் போன்ற திரள்கள் வேறு. புறணியின் ஒரு பகுதியில் ஐந்தாம் அடுக்கிலிருந்து புறப்பட்ட செய்தியை வாங்கி இன்னொரு பகுதிக்கு அனுப்பும் அவற்றை, வயல்விட்டு வயல் பாயும் நீரை நினைத்து ‘இடைமடைத் திரள்’ எனலாம்.

உவமை எல்லா இடத்திலும் ஒட்டாது. வயல் நீர் வாய்க்காலுக்கு மீளாது. புறணியின் இழைகளோ மீள்கின்றன. அதனால் இருதிசை இழைகளைப் ‘புறணிமுக இழை’, ‘தலாமஸ்முக இழை’ என்றும், இரண்டும் சேர்ந்ததைத் ‘தலாமஸ்–புறணிச் சுற்று’ என்றும் சொல்லலாம். ‘பின்னூட்டம்’ வேண்டாம், அது இணையத்தில் வாசகர் எழுதும் கருத்துக்கு என்றே ஆகிவிட்டது.

தலாமஸை மெல்லிய உறைபோல் சூழ்ந்துள்ள ‘ரெட்டிகுலர்’ (வலை போன்ற) திரளுக்கு ‘மடைவலை’ என்று எழுதிப் பார்க்கிறேன். இருதிசை இழைகளும் போகிற போக்கில் இதற்கு ஒரு கிளையைக் கொடுத்துவிட்டுச் செல்கின்றன. இதன் செல்களோ மடைத்திரள்களை அடக்குகின்றன. தலாமஸ் புறணிக்கு வாசல் என்றால் இது வாசற்காவல் என்று அறிவியலாளர் பிரான்சிஸ் கிரிக் 1984-இல் எழுதினார்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், பெற்றோருக்காக நான் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு துண்டறிக்கை. வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை பாதி வரியில் நின்று, சில நொடி வெறித்துப் பார்த்து, இமை துடித்து, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்வது ஒரு வகை வலிப்பு (ஆங்கிலத்தில் ‘ஆப்சென்ஸ்’). வலிப்பு என்றால் கைகால் இழுப்பதை மட்டுமே அறிந்த வீடுகளில் இது ‘கவனக்குறைவு’ என்று திட்டு வாங்கித் தருகிறது. மூளை மின்வரைவில் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை எழும் கூர்முனை அலை அதைக் காட்டிக்கொடுக்கும். மடைவலை மடைத்திரள் செல்களை அடக்க, அந்த அடக்கத்திலேயே அச்செல்களின் சவ்விலுள்ள, கால்சியத்தை உள்ளே விடும் டி வகை வாய்க்கால்கள் திறக்கத் தயாராகி, அடக்கம் தளர்ந்ததும் செல்கள் மின்துடிப்புகளை எழுப்பிப் புறணியைத் தட்டியெழுப்ப, புறணி மறுபடி மடைவலையைத் தூண்டுகிறது என்பது பரவலாகக் கற்பிக்கப்படும் விளக்கம். இவ்வலிப்புக்குத் தரும் எத்தோசக்சிமைடு என்னும் மருந்து அந்த வாய்க்கால்களைத்தான் அடைக்கிறது. இதைத் ‘தலாமஸ் வலிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தது தவறு: மரபுவழியில் இவ்வலிப்பு கொண்ட எலிகளில் முதல் அரை நொடி புறணியே முன்செல்கிறது, பிறகு இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோய் சுற்றுக்கு உரியது. பெயரிலும் சுற்றுதான் இருக்க வேண்டும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் கைவரவில்லை. மடைத்திரள் செல்களின் மின்துடிப்புகள் விழிப்பில் பெரும்பாலும் ஒவ்வொன்றாகச் சீராக எழும். ஆழ்ந்த தூக்கத்தில் ஒரு செல் நாலைந்து துடிப்பை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அடங்கும். முன்னதைச் ‘சீர்த்துடிப்பு’ என்றேன். பின்னதை முதல் வரைவில் ‘வெடிப்பு’ என்று எழுதியிருந்தேன், அதைப் படித்த ஒரு தாய், “என் பிள்ளை மூளைக்குள்ள ஏதாவது வெடிக்குதுங்களா?” என்று கேட்டார். அன்றே அடித்துவிட்டு இப்போதைக்குக் ‘கொத்துத்துடிப்பு’ என்று வைத்திருக்கிறேன். துண்டறிக்கை அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து